ஹெலனின் படகில் ஏற ஒரு பூச்சி

1

"இந்த வருசமும் மலைக்குப் போயி, புடிச்சிப் புடிச்சி வுடப் போறீங்களா?"

புரட்டாசி பிறந்த அன்று என் மாமியார் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி இது. கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்பில் இப்போது இருப்பவர். பிடித்த மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் மனிதர்களைப் பற்றி அவருக்கு உயர்ந்த அபிப்பிராயம் இருக்க நியாயமில்லை.

"ஆமாம் அத்தை, அடுத்த சனிக்கிழமை கிளம்புறோம்."

"சனிக்கெழமயா? பெருமாளுக்குத் தளிகை போட வேண்டிய நாள்ல?"

"காலையில தளிகை போட்டுட்டுத்தான் கிளம்புவோம். மீனைச் சாப்பிடப் போறதில்லையே."

"திங்காத மீனுக்கு எதுக்குடி பெட்ரோல் போட்டுக்கினு மலை ஏறணும்? என்னமோ பண்ணுங்க. அவன் கை நல்லாருந்தா சரி."

அவர் கடைசியாகச் சொன்ன அந்தக் கைக்காகத்தான் சென்ற ஆண்டு முதன்முதலாக அந்த ஏரிக்குப் போனோம். மேலும் ஒரு புரட்டாசி வந்துவிட்டது. ஊரில் இருக்கும் உங்களுக்கு அதை எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

2

என் கணவர் மாயவன் அண்ணாமலை நகரில் இயந்திரவியல் படித்தவர். நான் அதே வளாகத்தின் ஊழியர் குடியிருப்பில் வளர்ந்து விலங்கியல் படித்தேன். மீனவக் குடும்பத்துப் பிள்ளையும் குமாஸ்தா வீட்டுப் பெண்ணும் எப்படிச் சேர்ந்தோம் என்பது இரு வீட்டாருக்குமே இன்னும் முழுதாக விளங்காத விஷயம். 2005இல் கனடாவின் மேற்குப் பகுதியில் கேம்லூப்ஸ் என்ற ஊருக்கு வந்தோம். அவருக்கு மரம் அறுக்கும் ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. எனக்கு நூலகத்தில். மகள் யாழினி இங்கேதான் பள்ளியில் சேர்ந்தாள். சேர்ந்த சில மாதங்களிலேயே எங்கள் தமிழ்க் கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கினாள்.

2010இன் கடைசியில், பனிக்காலத்தில், ஆலையில் அவருடைய வலது கை ஓர் உருளைக்கும் ஓடும் பட்டைக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்டது. விரல்கள் ஐந்தும் பிழைத்தன. ஆனால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொட மறுத்தன. மறு ஆண்டு முடியும்வரை அவருடைய இடத்தை வேறொருவருக்குத் தரமாட்டோம் என்று ஆலை சொன்னது. ஒரு திருகாணியைப் பிடிக்கும் அளவுக்காவது கை அதற்குள் திரும்ப வேண்டும்.

வலது கை போனால் முதலில் போவது சாப்பாடு என்பது இங்கிருப்பவர்களுக்குப் புரிவதில்லை. இடது கையில் கரண்டியைப் பிடிக்கச் சொன்னார்கள். "பீச்சாங்கையில சோறு திங்கச் சொல்றியா?" என்று அவர் என்னைக் கேட்டார், அந்த யோசனை என்னுடையது என்பதைப்போல. ஆகவே நான் பிசைந்து ஊட்டினேன். காலையிலும் இரவிலும், விடுமுறை நாட்களில் மதியத்திலும். அத்தை கேட்டு மனம் குளிர்ந்தார். யாழினி மட்டும் தன் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். அப்பாவை அப்படிப் பார்க்க அவளால் முடியவில்லை.

காயமடைந்த தொழிலாளர்களைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து மாதம் ஒருமுறை ஓர் அதிகாரி அழைப்பார். என் கணவர் பேசமாட்டார், நான்தான் பேசுவேன். "உங்கள் கணவரால் தானாக உண்ண முடிகிறதா?" என்று ஒருமுறை கேட்டார். "அவருக்கு அந்தக் கவலையே வேண்டாம், நான் ஊட்டிவிடுகிறேன்" என்றேன். சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்திருக்கும். மறுமுனையில் தட்டச்சு ஒலி மட்டும் கேட்டது. சில நாட்களில் ஒரு கடிதம் வந்தது. அன்றாடத் தேவைகள் அனைத்துக்கும் பிறரை முழுமையாகச் சார்ந்திருப்பவர் என்று அவரை வகைப்படுத்தியிருந்தார்கள்.

அவர் அதை இரண்டு முறை படித்தார். "பாத்தியா தமிழு, கவர்மெண்டே சொல்லிட்டான். இத்தோட எழுதிக் குடுத்துட்டு ஊருக்குப் போயிடலாம்."

"போகலாம் மாமா. கையோட போகலாம்."

கைப்பயிற்சி அளித்த டயான் என்ற பெண்ணிடம் கடிதத்தைக் காட்டினேன். அவள் சுற்றி வளைக்கவில்லை. வேலை தராவிட்டால் அந்த விரல்கள் சேர்வதை மறந்தேபோகும் என்றாள். ஊட்டுவதை நிறுத்தச் சொன்னாள். சிறிய பொருட்களை, நூலைப்போல மெல்லியவற்றை, அவர் தினமும் கையாள வேண்டும் என்றும் சொன்னாள். கணவனுக்கு ஊட்டியது தவறு என்று இன்றைக்கும் நான் கருதவில்லை. அந்தக் கைக்கு அப்போது அன்பைவிட வேலை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் தட்டில் இட்லியை வைத்துவிட்டு வேறு அறைக்குப் போனேன். அன்று மாலை அத்தை அழைத்தார். செய்தி எனக்கு முன்பே கடலூருக்குப் போய்விட்டிருந்தது.

"ஊட்டமாட்டன்னு சொல்லிட்டியாமே?"

"ஆமாம் அத்தை."

"அவன் பட்டினி கெடந்தா?"

"கிடக்கமாட்டார். பசிச்சா கை போகும்."

"படிச்சவங்களுக்கு நெஞ்சுல ஈரமே இருக்காதுன்னு எங்க ஊட்டுக்காரர் அப்பவே சொன்னாரு," என்று வைத்துவிட்டார். அவர் பையன் இட்லியை நடுவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே நசுக்கி, பாதியைத் தரையில் சிந்தி, மீதியைத் தின்றிருந்தார்.

3

எங்களுக்கு அடுத்த வீட்டில் ஹெலன் இருக்கிறாள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள்; தனியாள். இலையுதிர் காலத்தில் மலைமேலுள்ள ஓர் ஏரிக்கு டிரவுட் மீன் பிடிக்கப் போவாள். ஏரியின் பெயரை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது அவள் கட்டளை. ஆகவே உங்களிடமும் சொல்லப்போவதில்லை.

இவர் நாள் முழுவதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதை அவள் கவனித்திருக்கிறாள். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "செப்டம்பரில் என்னோடு ஏரிக்கு வருகிறாயா?" என்று கேட்டாள். பிறகு, "ஒரு விதி உண்டு. என் படகில் ஏறுபவர் தன் கையால் கட்டிய பூச்சியோடுதான் ஏற வேண்டும். நான் கடன் தருவதில்லை. உன் மனைவி கட்டியதும் செல்லாது" என்றாள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மலையேரி டிரவுட் நீருக்குள் இருக்கும் சிறு பூச்சிகளைத் தின்று வாழ்கிறது. எனவே அரிசி நீளமே உள்ள தூண்டில் முள்ளின்மேல் இறகு, நூல், கம்பளி, மெல்லிய செம்புக் கம்பி ஆகியவற்றைச் சுற்றிக் கட்டிப் பொய்ப் பூச்சி செய்கிறார்கள். இதை ஃப்ளை என்பார்கள்; நான் பூச்சி என்றே எழுதுகிறேன். முள்ளைச் சிறு வைஸ் என்ற பிடிகருவியில் இறுக்கிக்கொண்டு, பாபின் என்ற நூற்சுருளிலிருந்து வரும் நூலை விரல்களால் நடத்த வேண்டும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேராமல் இதில் எதுவும் நடக்காது. டயான் கேட்டதும் அதையேதான்.

ஆனால் அவர் தமிழில் சொன்னது இது: "எங்கப்பா கட்டுமரத்துல போனவரு. பொம்மையக் காட்டி மீன ஏமாத்துன ஆளு எங்க வம்சத்துலியே கெடையாதுன்னு அந்தம்மாகிட்ட சொல்லு."

"என்ன சொல்கிறான்?" என்றாள் ஹெலன்.

"யோசித்துச் சொல்கிறாராம்," என்றேன். அன்று மாலையே அவளிடமிருந்து வைஸையும் பாபினையும் ஒரு பை நிறைய இறகுகளையும் வாங்கிவந்து சமையலறை மேசையில் வைத்தேன்.

4

அவர் தொடவில்லை. ஆகவே நான் உட்கார்ந்தேன்.

சிதம்பரத்தில் கீழவீதிப் பூக்கடைகளைப் பார்த்து வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் நூலால் எதையும் கட்டிவிடலாம் என்ற நம்பிக்கை இருக்கும். ஊசியில்லாமல் வாழைநாரில் மல்லிகையைத் தொடுப்பதற்கும் இந்தப் பூச்சியின் தலையில் கடைசி முடிச்சுப் போடுவதற்கும் ஏறக்குறைய ஒரே சுருக்குத்தான். அந்தத் துணிவில் நெருக்கமாக, இடைவெளி தெரியாமல், கண்ணுக்கு நிறைவாகக் கட்டினேன். மறுநாள் ஹெலனிடம் காட்டினேன்.

"அழகாக இருக்கிறது," என்றாள். "மீன் இதைத் தின்னாது. வாத்து வேண்டுமானால் இதற்குள் முட்டையிடும்."

எங்கள் கைப்பழக்கமே தடையாகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நெருக்கிக் கட்டுவது பூவுக்கு அழகு. பூச்சிக்கு உயிர் தருவது விட்ட இடம்தான். ஐந்து சுற்றுப் போதுமென்றால் ஆறாவது சுற்று அதைக் கொன்றுவிடும். மீண்டும் மீண்டும் கட்டி, மீண்டும் மீண்டும் பிரித்தேன். ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"நூல லூசா வுடுற. இழுத்துப் புடிச்சிக்கினு சுத்து."

"எனக்கு இவ்வளவுதான் வரும் மாமா."

"ஃபிட்டர் பொண்டாட்டின்னு வெளிய சொல்லிக்காத." சற்றுநேரம் பொறுத்து, "குடு இங்க" என்று வந்தார்.

முதல் நாள் பாபின் விழுந்துகொண்டே இருந்தது. இரண்டாம் நாள் நூல் அறுந்தது. நான் எதிரே உட்கார்ந்து புத்தகம் படித்தேன். உண்மையில் படிக்கவில்லை, என் கைகளுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. நூல் நழுவும்போதெல்லாம் என் விரல்கள் தாமாக எழுந்தன. பொறுமைசாலி என்று என்னைச் சொல்வார்கள். எழுந்துபோய் உதவாமல் இருப்பதற்கு வேண்டிய பொறுமை வேறு என்பதை அந்த மேசையில்தான் தெரிந்துகொண்டேன்.

சில வாரங்களில் அவர் நூலை மோதிர விரலுக்கும் உள்ளங்கைக்கும் இடையில் மாட்டிச் சுற்றக் கற்றார். டயான் அதைப் பார்த்துவிட்டு, அது ஏமாற்று வேலை, கட்டைவிரல் வர வேண்டும் என்றாள். அவர் ஊர்மொழியில் ஏதோ சொன்னார். நான் மொழிபெயர்க்கவில்லை.

ஒரு மாலை யாழினி தண்ணீர் எடுக்க வந்தவள் அவருக்குப் பின்னால் நின்றாள்.

"அப்பா, யூ ஆர் கிரஷிங் இட்."

"தமிழ்ல சொல்லு."

"இறகு... நசுங்குது."

"நசுங்கட்டும். மீனுக்கு என்னா தெரியும்?"

"தெரியும்னு அம்மா புக்ல இருக்கு." அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "லைட்டா பிடிங்க. முட்டை மாதிரி."

"முட்டைய நான் புடிச்சா ஆம்லெட்தான்."

அவள் சிரித்தாள். அந்த வீட்டில் அந்த ஆண்டு நான் கேட்ட முதல் சிரிப்பு என்று எழுதினால் மிகை. ஆனால் மாடிக்குப் போகாமல் அவள் சிரித்தது அன்றுதான்.

ஜூன் மாதத்தில் ஒரு பூச்சி முடிந்தது. கறுப்பு இறகாலும் கம்பளியாலும் ஆன அட்டை. ஏரி அட்டையைப்போல நீரில் நெளிய வேண்டியது. ஹெலன் அதை வாங்கி, தலையையும் வாலையும் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். அது கையோடு பிரிந்து வந்தது.

"இல்லை," என்று முள்ளை மட்டும் திருப்பிக் கொடுத்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆனால் அவர் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே நடந்துவந்தார். "அந்தம்மா சொல்றது கரெக்டு தமிழு. அடிக்கட்டு சரியில்ல. கீழ கிரிப்பு இல்லாம மேல சுத்தி என்னா பிரயோஜனம்?" என்றார். விபத்துக்குப் பிறகு அவர் ஒரு வேலையைப் பற்றி வேலைக்காரனைப்போலப் பேசியது அதுவே முதல் தடவை.

ஆகஸ்டில் கட்டியது ஹெலனின் இழுப்புக்குப் பிரியவில்லை. "தடிமனான கம்பளிச் சட்டை கொண்டு வா. மேலே குளிரும்," என்றாள். அனுமதி அவ்வளவுதான்.

5

எந்தப் பூச்சியைக் கட்டுவது என்பதில் எனக்கும் ஹெலனுக்கும் வேறுபாடு இருந்தது. அட்டையே போதும், இலையுதிர் காலத்தில் மீன் பெரிய உணவைத் தேடும் என்பது அவள் கட்சி. நான் நூலகத்தில் ஏரிப் பூச்சிகளைப் பற்றி இருந்த புத்தகங்களையெல்லாம் எடுத்துப் படித்திருந்தேன். படித்தது போதாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு அருகிலுள்ள ஏரிகளுக்குத் தேநீர் வடிகட்டியும் வெள்ளை எனாமல் தட்டுமாகப் போனேன்.

மாணவியாக இருந்தபோது பிச்சாவரத்துச் சதுப்பில் முழங்கால் சேற்றில் நின்று இப்படித்தான் சல்லடையைக் கவிழ்ப்போம். வெள்ளைத் தட்டில் நீரை ஊற்றிவிட்டு அசையாமல் காத்திருக்க வேண்டும். முதலில் குப்பை மட்டும் தெரியும். பிறகு குப்பையில் சில நடக்கத் தொடங்கும். இந்த ஏரிகளில் அதிகம் நடந்தவை, கொசுவைப்போல இருந்தும் கடிக்காத ஒரு பூச்சியின் குஞ்சுகள். வளர்ப்பு மீனுக்குப் போடும் ரத்தப்புழு இதன் குழந்தைப் பருவம். சேற்றிலிருந்து புறப்பட்டுக் கூட்டுப்புழுவாக மேலே மிதந்துவரும்போதும் உடலில் அந்தச் சிவப்பின் மிச்சம் இருக்கும். தலையில் வெள்ளையாக ஒரு சிறு குஞ்சம், அது சுவாசிக்க.

கருஞ்சிவப்பு நூல், அதன்மேல் இடைவெளி விட்டுச் செம்புக் கம்பி, தலையில் துளி வெள்ளைக் கம்பளி. நான் வரைந்து காட்டினேன்.

"இம்மாஞ் சின்னதா?" என்றார் அவர். "அட்டையே எனக்குத் தண்ணி காட்டுச்சு."

"இதுல இறகு இல்ல. நூலும் கம்பியும்தான். கம்பி உங்க ஏரியா."

கம்பி என்றதும் ஒப்புக்கொண்டார். அதைப் பிடிக்க மோதிர விரல் உதவவில்லை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் வந்தே ஆக வேண்டியிருந்தது. செப்டம்பர் நடுவில், நடுங்கிக்கொண்டே, வந்தன. நான்கைந்து தேறின. ஹெலனின் வழக்கப்படி ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் பின்னோக்கி நிற்கும் சிறு கூர்முனையை அவரே குறட்டால் நசுக்கினார், மீனை வலிக்காமல் கழற்றிவிட.

6

சனிக்கிழமை தளிகை போட்டுவிட்டுக் கிளம்பினோம். யாழினியும் வந்தாள், கைப்பேசி எடுக்காத இடம் என்று தெரிந்ததும் ஹெலனின் மரவீட்டில் போர்வைக்குள் புகுந்துகொண்டாள். மறுநாள் விடிந்தபோது படகின் விளிம்பில் உறைபனி படிந்திருந்தது. ஹெலன் துடுப்புப் போட்டாள். அவர் நடுவில், நான் பின்னால்.

நாங்கள் யாரும் எண்ணிப்பாராத ஒன்று குளிர். கட்டிய பூச்சியைத் தூண்டில் நூலின் முனையில் முடிய வேண்டும். சமையலறையின் வெதுவெதுப்பில் பழகிய விரல்கள் அங்கே மரக்குச்சிகளாகிவிட்டன. நூல் முள்ளின் துளையில் நுழையவில்லை. நுழைந்தபோது முடிச்சு சரிந்தது. பூச்சி படகின் தரையில் விழுந்தது, தேடி எடுத்தார், மீண்டும் விழுந்தது. ஹெலன் கரையிலிருந்த மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நூலையும் பூச்சியையும் என்னிடம் நீட்டிவிடுவாரோ என்று பயந்தேன். நீட்டியிருந்தால் வாங்கியிருப்பேன், அந்த நொடியில் என் உறுதி அவ்வளவுதான் இருந்தது. நான் கைகளைத் தொடைக்கடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்தேன்.

"குந்திக்கினியா?" என்றார்.

"குளிருது மாமா."

"பொய் சொல்றா," என்று ஏரியிடம் சொல்லிவிட்டு, விரல்களை வாய்க்குள் வைத்துச் சூடேற்றி, பல்லால் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு முடிந்தார். இழுத்துப் பார்த்தார். நின்றது.

அட்டைக்கு நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. "உன் சிவப்பை முயன்று பார்," என்று ஹெலன் என்னைப் பார்க்காமல் சொன்னாள். மறுபடியும் அதே முடிச்சு, இம்முறை விரைவாக. தக்கைக்குக் கீழே அந்தச் சிறு பூச்சி ஆழத்தில் தொங்கியது. தக்கை இலேசாக அமுங்கியதும் அவர் தேவனாம்பட்டினத்து வஞ்சிரத்தைப் பிடிக்கும் வேகத்தில் கழியைப் பிடுங்கினார். நூல் அறுந்தது. பூச்சியோடு மீன் போனது.

"இது வஞ்சிரம் இல்ல மாமா."

"இப்ப சொல்லு."

மூன்றாவது முடிச்சின்போது யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அடுத்து அமுங்கியபோது கழியை மெல்லத் தூக்கினார். அது வளைந்தது. மீன் ஆழத்துக்கு ஓடியது, மேலே வந்து துள்ளியது, மீண்டும் ஓடியது. இடது கையால் கழியைப் பிடித்துக்கொண்டு, வலது கையின் இரண்டு விரல்களுக்கிடையே நூலை விட்டும் இழுத்தும் அவர் அதைப் படகருகே கொண்டுவந்தார். வெள்ளியில் ரோஜா நிறப் பட்டையிட்ட உடம்பு. ஹெலன் முள்ளைக் கழற்றச் சொன்னாள். கழற்றினார்.

"இப்போது கையை நனைத்துக்கொள். தண்ணீருக்குள்ளேயே வாலடியை வலது கையால் பிடி. இறுக்காதே, விடவும் செய்யாதே. களைத்திருக்கிறது, விட்டால் மல்லாந்துவிடும்."

"எவ்வளவு நேரம்?"

"அது சொல்லும்."

பனிநீரில் மணிக்கட்டுவரை கையை விட்டு அவர் குனிந்திருந்தார். வடுக்களோடு கூடிய அந்தக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மீனின் வாலடியில் வளையமாகச் சேர்ந்திருந்ததை நான் பார்த்தேன். கொஞ்சம் கூடினால் நசுங்கும். கொஞ்சம் குறைந்தால் நழுவும். செவுள்கள் மெல்ல மூடித் திறந்தன. பிறகு வால் ஒருமுறை அசைந்தது, இன்னொருமுறை, வலுவாக. அவர் விரல்களைத் திறந்தார். அது போய்விட்டது.

கையை உதறினார். உடனே உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. "எங்கம்மா பாத்திருந்தா என்னைத் தண்ணியில தள்ளியிருப்பாங்க," என்றார்.

7

அந்தப் பனிக்காலத்தில் அவர் ஆலைக்குத் திரும்பினார்; முதலில் அரைநாள் வேலை, பிறகு முழுநாள். கட்டைவிரல் இன்னும் முழுதாக மடங்குவதில்லை. கூட வேலை செய்பவர்கள் அதற்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது, ஏரியிலிருந்து இறங்கிவந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையைத்தான். மலைப்பாதையில் ஹெலன் வண்டி ஓட்ட, யாழினி என் தோளில் தூங்கிவிட்டிருந்தாள்.

"நாளைக்கு ஆபீஸ்லேருந்து போன் வருமில்ல?" என்றார் அவர்.

"வரும். என்ன சொல்லணும்னு சொல்லுங்க, சொல்லிடுறேன்."

"நீ பேசாத. நானே பேசிக்கிறேன். நீ பேசுனா என்னைப் படுக்கையிலியே படுக்க வச்சிடுவ."

மறுநாள் நூலகம் திறக்க வெகுநேரம் இருந்தது. இருந்தாலும் நான் காலணியை மாட்டிக்கொண்டேன். கதவைச் சாத்தும்போது உள்ளே மணி அடித்தது. ஒருமுறை, இரண்டுமுறை. படியில் நின்றேன். மூன்றாவது மணி பாதியில் நின்று, "ஹலோ, மாயவன் ஸ்பீக்கிங்" என்ற குரல் கேட்டது. நான் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தேன்.